சம்மட்டி முகத்துக்கு எஃகு ஒட்டுவது இன்னும் தேவையா?

மேலூர் கல்வேலை:
கல் உடைக்கிற சம்மட்டி ஒன்று செய்யச் சொல்லப் போகிறேன். உடல் சாதா இரும்பு, அடிக்கிற முகத்தில் மட்டும் எஃகைக் காய்ச்சி ஒட்டித் தருகிறேன் என்கிறார் ஆசாரி. இதற்குக் கூடுதல் கூலி கொடுக்கலாமா?

திருமங்கலம் லேத்:
வேண்டாம். எஃகு கிடைக்காத காலத்தில் இரும்போடு கொஞ்சம் எஃகை ஒட்டிச் சிக்கனம் பிடித்தார்கள். 1856-ல், உருகிய இரும்புக்குள் காற்றை ஊதி எஃகாக்குகிற பெஸ்ஸமர் முறை வந்தபிறகு எஃகு மலிவாகிவிட்டது. பழைய லாரி ஆக்சிலை வெட்டிச் சம்மட்டி அடிக்கச் சொல்லுங்கள். காய்ச்சிய முகத்தை மட்டும் தண்ணீரில் தோய்த்தால் அது கடினமாகும், காம்பு ஓட்டைப் பக்கம் மென்மையாகவே இருக்கும். ஒட்டு இல்லாத இடத்தில் ஒட்டு விடாது.

கொட்டாம்பட்டி உலை:
அண்ணே, ஆக்சில் நல்ல எஃகுதான், மறுக்கவில்லை. கார்பன் கூடினால்தான் தோய்த்த எஃகு நன்றாகக் கடினமாகும். ஆனால் அதில் கார்பன் பொதுவாக 0.4 சதவீதத்தை ஒட்டித்தான். முகத்துக்கு ஒட்டுகிற பழைய அரத்தில் 1 சதவீதத்துக்கு மேல். நாள் முழுக்கக் கருங்கல்லில் விழுகிற முகத்துக்கு அந்த வித்தியாசம் தெரியும். முகம் தேய்ந்தால் வேறு துண்டு ஒட்டிக்கொள்ளலாம், உடல் அப்படியே இருக்கும்.

திருமங்கலம் லேத்:
அரமா? கல்லில் பட்டால் சில்லு தெறித்துக் கண்ணுக்குள் போகும்!

கொட்டாம்பட்டி உலை:
தோய்த்ததோடு அப்படியே விட்டுவிட்டால் தெறிக்கும், அது உண்மை. முகத்தை மட்டும் தண்ணீரில் தோய்த்து எடுத்து உடனே தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும். உடலில் மிச்சமிருக்கிற சூடு முகத்துக்கு இறங்கும். வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா என்று வரிசையாக வரும். ஊதாவில், அதாவது 280 டிகிரி வாக்கில், மறுபடி தோய்த்து நிறுத்த வேண்டும்.

ஒட்டுவதில்தான் கைப்பழக்கம் வேண்டும். மெல்லிய துண்டு சீக்கிரம் காய்ந்துவிடும், கனமான உடல் மெதுவாகத்தான் காயும். கார்பன் அதிகமான எஃகு வெள்ளைச் சூட்டுக்குப் போனால் பொறி விட்டு எரிந்தேபோகும். அதனால் துண்டின் அடியில் உளியால் முள் எழுப்பி, காய்ந்த உடலில் அறைந்து பிடிக்கவைத்து, செதிலை, அதாவது சூட்டில் இரும்பின் மேல் படிகிற ஆக்சைடை, கரைக்கிற வெங்காரம் தூவி, இரண்டையும் சேர்த்துக் காய்ச்ச வேண்டும். முதல் அடிகளை நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொண்டுபோனால்தான் உருகிய வெங்காரமும் செதிலும் வெளியே வரும். ஓரத்தில் தொடங்கினால் அழுக்கு உள்ளே மாட்டிக்கொள்ளும், அங்கேதான் பின்னால் பிளக்கும்.

மேலூர் கல்வேலை:
திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் போடுகிற லாரி வில்பட்டையை ஒட்டினால்?

கொட்டாம்பட்டி உலை:
அரிவாளுக்கு அருமையானது. ஒட்டுவதற்கு அவ்வளவு இலகுவில்லை. பல பட்டைகளில் குரோமியம் உண்டு, அதன் ஆக்சைடு வெங்காரத்துக்கு எளிதில் கரையாது.

திருமங்கலம் லேத்:
பார்த்தீர்களா தம்பி, எத்தனை இடத்தில் தவறலாம் என்று நீங்களே சொல்கிறீர்கள். எல்லா ஆசாரிக்கும் இந்தக் கை இருக்காது. உலகம் முழுக்கப் பெரும்பாலும் ஒட்டில்லாத ஒரே துண்டு எஃகில்தான் சுத்தியல் வருகிறது. கல்வேலைக்காரருக்கு வேலை நிற்கக் கூடாது, என் வாக்கு ஆக்சிலுக்குத்தான்.

கொட்டாம்பட்டி உலை:
கை இல்லாதவரிடம் கொடுக்க வேண்டாம் என்பதை ஏற்கிறேன். மேலூர் அண்ணே, அவர் முன்பு ஒட்டிய பழைய சம்மட்டி ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். முகத்தைச் சுற்றி மயிரிழைக் கோடு தெரிந்தால் ஆக்சிலே வாங்குங்கள். தெரியாவிட்டால் கேட்ட கூலியைக் கொடுங்கள்.