ஒற்றைக் கைக்காரனைத் தேடிய டாக்டரும் எங்கள் அப்பாவும்

மயிலாடுதுறையிலிருந்து:

‘தி ஃப்யூஜிடிவ்’ டிவி தொடர் அமெரிக்காவில் 1963 முதல் 1967 வரை ஓடியபோது எங்கள் தெருவில் டிவியே கிடையாது. நாங்கள் பார்த்தது வெகுகாலம் கழித்து, சிங்கப்பூர் அத்தான் லீவுக்கு வந்தபோது கொண்டுவந்த டிவிடியில். அப்பா வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பாயிக்கு இங்கிலீஷ் தெரியாது, நான்தான் கதை சொல்ல வேண்டும்.

டாக்டர் ரிச்சர்ட் கிம்பிள் மனைவியைக் கொன்றதாக மரண தண்டனை. கொண்டுபோகும் வழியில் ரயில் தடம்புரள, தப்பிவிடுகிறார். அன்றிரவு வீட்டருகே பார்த்த ஒற்றைக் கைக்காரனை அவர் தேட, அவரை ஜெரார்டு என்ற போலீஸ் அதிகாரி தேட, மொத்தம் 120 எபிசோட். ஊருக்கு ஒரு பெயர், ஊருக்கு ஒரு கூலி வேலை.

ரயில் கவிழ்ந்ததைச் சொன்னதும் அப்பாயி, “நம்ம கோவலனுக்கு இப்படி ஒரு வண்டி கவுந்திருந்தா பொழச்சிருப்பான். பாவம், நின்ன எடத்துலயே வெட்டிட்டாங்க” என்றது. அதற்குப் பிறந்த ஊர் பூம்புகார் பக்கம். கோவலன் என்றால் ஏதோ பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரிதான் பேசும்.

அப்பாவுக்கு வேறு கவலை. “கைக்காரனைப் பாத்தேன்னு இவன் சொல்றான், சரி. சாட்சி யாரு?” ஒவ்வொரு எபிசோடுக்கும் இதே கேள்வி. எனக்கு எரிச்சலாக வரும்.

1967 ஆகஸ்ட் 29 அன்று ஒளிபரப்பான கடைசிப் பகுதியில் பதில் வந்தது. சாட்சி இருந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், போரில் பதக்கம் வாங்கியவர். கொலை நடந்தபோது அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தும் பயத்தில் உறைந்து நின்றிருக்கிறார். அந்த வெட்கத்தில் வாயே திறக்கவில்லை.

“நிறுத்துடா” என்றார் அப்பா. எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னார். ஒரு பம்ப்செட் மோட்டார் திருட்டு கேஸ். குற்றம் சாட்டப்பட்டவன் அன்று ராத்திரி களத்தில்தான் படுத்திருந்தான், கூட இன்னொருவனும். அந்த ஆளைக் கோர்ட்டுக்குக் கூப்பிட அப்பா இரண்டு தடவை சைக்கிளில் போனாராம். “வீட்ல இல்லன்னாங்க. வைக்கப்போருக்குப் பின்னாடி அவன் செருப்பு தெரிஞ்சுது. கூப்பிட்டிருக்கணும். கூப்பிடல.” மற்றவனுக்கு ஆறு மாதம் கிடைத்தது.

உள்ளேயிருந்து அப்பாயி: “அந்த டாக்டரு பொழச்சானா இல்லையா, அதச் சொல்லுங்கடா!”

திருவாரூரிலிருந்து:

இதே கதையை வைத்து ஹாரிசன் ஃபோர்டு நடித்த 1993 படத்தை நான் முதலில் பார்த்துவிட்டேன். அதனால் தொடரில் டாக்டராக வரும் டேவிட் ஜான்சென் என்ன இப்படி மெதுவாக நடக்கிறார் என்றிருந்தது. பத்து எபிசோட் போன பிறகுதான் பிடிபட்டது. மனிதர் ஓட வேண்டியதே இல்லை. டீக்கடை மாதிரி ஒரு இடத்தில் குனிந்து உட்கார்ந்து வாசலை ஒரு தரம் பார்ப்பார், நமக்கு வயிறு கலங்கிவிடும். கடைசி சீசன் கலரில் வந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கறுப்பு வெள்ளையில் இருந்த இருட்டு அதில் இல்லை.

நாகப்பட்டினத்திலிருந்து:

மயிலாடுதுறைக்காரரே, முடிவில் பாதியைச் சொல்லிவிட்டீர்களே! நான் இன்னும் மூன்றாவது சீசனில்தான் இருக்கிறேன். மீதிப் பாதியையாவது விட்டுவையுங்கள். அப்புறம், அப்பாவிடம் கேளுங்கள்: ஆறு மாதம் உள்ளே இருந்தவர் வெளியே வந்தபின் அந்தச் செருப்புக்காரரோடு பேசினாரா?