எழுத்து வார்க்கும் மேட்ரிக்ஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை குடும்பத்தோடு தரங்கம்பாடி போகிறோம். தமிழ் நூல்களை அச்சிட்ட ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்குவின் அருங்காட்சியகம், பிறகு அவர் 1718இல் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயம். பிள்ளைகளுக்காக 4 பக்கக் குறிப்பு எழுதுகிறேன். நாளை மாலை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். ஒரு சொல்லில் நிற்கிறேன். எஃகு முனையில் எழுத்தைப் புடைப்பாகச் செதுக்கிச் செம்புத் துண்டில் அடிப்பார்கள். செம்பில் விழுந்த பள்ளத்தில் ஈயக் கலவையை ஊற்றி எழுத்து எடுப்பார்கள். அந்தச் செம்புத் துண்டுதான் மேட்ரிக்ஸ். 'அச்சு' என்றால் வார்க்கிற அச்சா, வார்த்த அச்சா, தாளில் விழுந்த அச்சா என்கிறாள் மகள்.

*

பாடநூலில் மேட்ரிக்ஸ் 'அணி'தானே?

*

அது கணக்குக்கு. எண்கள் நிரையும் நிரலுமாக அணிவகுப்பதால் அணி. இங்கே வரிசை ஏது?

'கரு' என்பேன். உலோகம் வார்க்கும் அச்சுக்கு அந்தப் பொருள் உண்டு. லத்தீனிலும் மேட்ரிக்ஸ் தாயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததே. கருவி, கருவறை எல்லாம் இந்த வேரில்தான் என்பது என் துணிபு. இன்னொன்று: 'ஆலயம்' வடசொல். கோயில் என்றே எழுதுங்கள்.

*

ஐயா, கொல்லனைக் குறிக்கும் கருமான், இரும்பாகிய கரும்பொன்னால் வந்த பெயர் என்பார்கள். அதையும் அடுத்து இழுத்துவிடாதீர்கள். ஆலயத்தின் பெயர் ஊரார் வழங்குவது, அதில் நாம் கைவைக்கக் கூடாது.

முப்பது வருடம் அச்செழுத்துக் கோக்கும் கம்பாசிட்டராக இருந்தவன் சொல்கிறேன். எங்களுக்கு எழுத்துக் கோக்கும் ஸ்டிக், எழுத்துப் பெட்டியான கேஸ், கோத்ததை வைக்கும் தட்டான கேலி எல்லாம் ஆங்கிலப் பெயரில் அப்படியேதான். பிள்ளைகளுக்கு 'எழுத்துக்குழி' போதும். ஈய எழுத்து இடவலம் மாறியிருக்கும். குழியில் நேராகத் தெரியும். அவர்களே வாசிப்பார்கள்.

*

கல்வெட்டில் இருப்பதும் எழுத்துக்குழிதானே? 'வார்குழி' என்று வினைத்தொகையாக்கலாம்.

*

வார்குழல் என்றால் நீண்ட கூந்தல். வார்குழி நீண்ட குழியாகிவிடும் அம்மா. வார்த்தல் பொருள் வேண்டுமானால் 'வார்ப்புக்குழி'.

*

ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை. அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அச்சிடத் தாள் கட்டாது என்று தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். 1715இல் நூல் முடிந்தது. வார்த்த கைகளில் நம்மூர்க் கைகளும் இருந்திருந்தால், அவர்கள் வாயில் இதற்கு ஒரு சொல் இருந்திருக்கும். அது நம்மிடம் வந்து சேரவில்லையே என்பதுதான் என் வருத்தம். நாம் புதிதாகப் படைக்கவில்லை, தொலைத்ததைத் தேடுகிறோம்.

*

எல்லோருக்கும் நன்றி. நால்வர் எழுத்துக்குழி, இருவர் வார்ப்புக்குழி, ஒருவர் கரு. மகளிடம் மூன்றையும் சொன்னேன். முதலாவதைக் கேட்டதும் உள்ளங்கையில் விரலால் குழி வரைந்தாள். 'எழுத்துக்குழி' என்றே போட்டு அனுப்பிவிட்டேன்.

*

என் மறுப்பு இருக்கட்டும். குழி வடிவத்தை மட்டும் சொல்லும். ஒன்றிலிருந்து ஆயிரம் எழுத்து பிறப்பதைக் 'கரு'தான் சொல்லும். மறுபதிப்பு வரும்போது மீண்டும் கேட்பேன்.