'தி ஆக்டோபஸ்' நாவலில் ரயில்வே தலைவர் சொல்வதை ஏற்கலாமா?

மேட்டுக்காடு: அமெரிக்க எழுத்தாளர் ஃபிராங்க் நாரிஸ் எழுதி 1901இல் வெளியான இந்த நாவலை நேற்றுத்தான் முடித்தேன். கலிஃபோர்னியாவின் கோதுமை விவசாயிகளை ரயில்வே நசுக்கும் கதை. கொதிப்போடு ரயில்வே தலைவர் ஷெல்கிரிமிடம் போகிறான் கவிஞன் பிரெஸ்லி. அவரோ குடிகாரக் கணக்கர் ஒருவரை நீக்காமல் சம்பளத்தைக் கூட்டச் சொல்கிறார். பிறகு, கோதுமையும் ரயிலும் இயற்கைச் சக்திகள், மனிதர்களைக் குற்றம் சொல்லாதே என்கிறார். பிரெஸ்லி வாயடைத்துப் போகிறான். நாரிஸும் இதைத்தான் நம்பினாரா? மனிதனைச் சூழலும் இயற்கைச் சக்திகளுமே ஆட்டிவைக்கின்றன என்று காட்டும் இலக்கியப் போக்கான இயற்பண்புவாதம் என்றால் இதுதானா?

கூட்ஸ்கிளார்க்: தம்பி, நான் முப்பது வருஷம் சரக்கு புக்கிங் கவுண்டரில் உட்கார்ந்தவன். எனக்கு இந்த நாவல் என்றால் டைக்தான். ரயில் இன்ஜின் ஓட்டியவன். வேலை போனதும் வீட்டையும் நிலத்தையும் ரயில்வேயின் உள்ளூர் ஏஜென்ட் எஸ். பெர்மனிடம் அடமானம் வைத்து, பீருக்குப் போடும் ஹாப்ஸ் பயிரிடுகிறான். சரக்குக் கட்டணம் பவுண்டுக்கு 2 சென்ட் என்று கேட்டுவைத்துத்தான் இறங்குகிறான். ஹாப்ஸ் விலை ஏறுகிறது. கட்டணமும் 5 சென்ட் ஆகிறது. 2,000 பவுண்டு டன்னுக்கு 40 டாலர் கொடுக்க வேண்டியவன் 100 டாலர் கொடுக்க வேண்டும். லாபம் மொத்தமும் அதிலேயே போய்விடும். எந்தக் கணக்கில் போடுகிறீர்கள் என்று கவுண்டரில் கத்துகிறான். சரக்கு எவ்வளவு தாங்குமோ அவ்வளவு என்கிறார் பெர்மன்.

மழை பொய்த்தால் அது இயற்கை. அந்த 5 சென்ட்டை ஒருத்தன் பேனா பிடித்து எழுதியிருக்கிறான். டைக்கின் பயிருக்கு என்ன விலை கிடைக்கும் என்று தெரிந்தே எழுதியிருக்கிறான். ஷெல்கிரிமின் பேச்சு எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும், அந்தக் கவுண்டர் காட்சியை எழுதிய அதே கைதான் இதையும் எழுதியது. என் மனம் கவுண்டர் பக்கம்தான்.

வாசகி_72: ஐயா சொல்வது சரி. ஆனால் விவசாயிகளும் உத்தமர்கள் இல்லையே. நேர்மைக்குப் பேர்போன பெரிய விவசாயி மேக்னஸ் டெரிக், சரக்குக் கட்டணம் நிர்ணயிக்கும் ரயில்வே கமிஷனில் தங்கள் ஆளை உட்கார வைக்க லஞ்சம் கொடுக்கிறார். அந்த ஆள் அவருடைய மூத்த மகன் லைமன். அவனே ரயில்வே பக்கம் சாய்கிறான். நிலத்தையும் அவர்கள் உறிஞ்சத்தான் பார்க்கிறார்கள். எனக்கு ஆறாதது குத்தகை விவசாயி ஹூவனின் மனைவி. நிலத்துக்காக ரயில்வே தரப்போடு நடந்த துப்பாக்கிச் சண்டையில் கணவன் செத்தபின் சான் ஃபிரான்சிஸ்கோ தெருவில் பட்டினியால் சாகிறாள். அதே இரவில் பிரெஸ்லி ரயில்வேக்காரர் வீட்டு விருந்தில் இருக்கிறான். அந்தச் சண்டை கற்பனை இல்லை. 1880 மே 11இல் கலிஃபோர்னியாவின் மசல் ஸ்லூவில் ஏழு பேர் செத்த சம்பவத்திலிருந்து எடுத்தது.

மேட்டுக்காடு: அப்படியானால் பெர்மனின் முடிவு? இந்தியப் பஞ்சத்துக்குப் போகும் கப்பலில் கோதுமை கொட்டி மூடிச் சாகிறாரே. அங்கே கொல்வது கோதுமைதானே?

கூட்ஸ்கிளார்க்: ஆமாம். அந்த இடத்தில் நாரிஸ் ஷெல்கிரிம் பக்கம் போய்விடுகிறார். எனக்கு அது பிடிக்கவில்லை. பெர்மனைக் கோதுமை தண்டிக்கிறது, கட்டணம் 5 சென்ட்டாகவே இருக்கிறது.