அந்த இலவச ஆய்வெழுத்துப் பாடநூலுக்கு ஐந்துக்கு ஐந்தா?

செட்ஸ்வர்த் ஆசிரியை:
மதுரை-டர்பன் ஐயா இங்கே போட்ட மதிப்பீட்டைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அமெரிக்கக் கல்லூரி ஒன்று "திறந்த" நூல் என்று இணையத்தில் இலவசமாக விட்டிருக்கும் ஆய்வெழுத்துப் பாடநூல் அது. பத்து அளவுகோல், பத்திலும் ஐந்துக்கு ஐந்து. "நம் பிள்ளைகள் இனி வேறு புத்தகம் காசு கொடுத்து வாங்க வேண்டாம்" என்று முத்தாய்ப்பு வேறு. அந்தப் பத்தில் ஒன்று பண்பாட்டுப் பொருத்தம். அதற்குமா ஐந்து?

மூலங்களைக் குறிப்பதற்கு அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த ஏபிஏ (APA) முறையைச் சொல்லித்தரும் அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். நேரில் எடுத்த பேட்டி கட்டுரை முடிவில் கொடுக்கும் நூற்பட்டியலில் வராது, கட்டுரைக்குள் அடைப்புக்குறியில் சொன்னால் போதும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு மெட்ராஸிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. 1911 வரை இப்படி வந்து இறங்கியவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அவர்களில் எத்தனை பேர் உட்கார்ந்து புத்தகம் எழுதினார்கள்? தோட்டத்தில் நடந்ததெல்லாம் ஆயாமார் வாய்வழியாகத்தான் நமக்கு வந்தது. அந்த ஆயாவுக்குப் பட்டியலில் இடமில்லை என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நூலுக்கு ஐந்தா?

மதுரை-டர்பன்:
டீச்சர், அது நூலாசிரியர் சொந்தமா கண்டுபிடிச்சது இல்ல. ஏபிஏ விதி. படிக்கிறவர் தேடிப்போய் எடுத்துப் பார்க்க முடியாத எதையும் பட்டியல்ல சேர்க்க மாட்டாங்க. தனிக் கடிதம், மின்னஞ்சல், போன் பேச்சு எல்லாத்துக்கும் அதே கதிதான். 2019ல வந்த ஏழாம் பதிப்புலயும் மாறல. விதியை விதின்னு சொன்ன புத்தகத்துக்கு மார்க் குறைக்கணுமா?

நான் ஐந்து குடுத்ததுக்குக் காரணம் இருக்கு. பெரிய தலைப்பை விடை தேடக்கூடிய ஒரு கேள்வியா எப்படிச் சுருக்குறது, கிடைச்ச மூலத்தை நம்பலாமா வேண்டாமான்னு எப்படிப் பார்க்குறது, அடுத்தவர் கருத்தைத் தன் நடையில எப்படி எழுதுறது, இதெல்லாம் பயிற்சியோட இருக்கு. எங்க முதல் வருஷப் பசங்க தடுக்கி விழுற இடங்களே அதுதான். நீங்க முன்னூறு பக்கத்தை விட்டுட்டு ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டீங்க.

செட்ஸ்வர்த் ஆசிரியை:
அந்த ஒரு வரிதான் ஐயா விஷயம். விதி, விதி என்கிறீர்களே, அதே ஏழாம் பதிப்பில் பழங்குடி மக்களின் வாய்மொழி அறிவை எப்படிக் குறிப்பது என்று தனியாகவே சொல்லியிருக்கிறார்கள். சொன்னவரின் முழுப்பெயர், அவருடைய சமூகம், ஊர், பேசிய காலம் எல்லாவற்றையும் விரிவாகக் கொடுக்கச் சொல்கிறது. அது இந்த நூலில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

இன்னொன்று. மொழி, இலக்கியத் துறையினர் பின்பற்றும் எம்எல்ஏ (MLA) என்ற இன்னொரு முறைப்படி நாமே எடுத்த பேட்டி பட்டியலில் வரும். இதே நூலின் எம்எல்ஏ அத்தியாயம் சேர் என்கிறது, ஏபிஏ அத்தியாயம் சேர்க்காதே என்கிறது. ஏன் இந்த வேறுபாடு என்று ஒரு வாக்கியம் கிடையாது. படிக்கிற பிள்ளை என்ன நினைக்கும்? அதற்கும் தெளிவில் ஐந்து போட்டிருக்கிறீர்கள்.

மதுரை-டர்பன்:
நாம பழங்குடியா டீச்சர்? அந்தப் பகுதி யாருக்காக எழுதினதுன்னு தெரிஞ்சுதான் பேசுறீங்களா? இந்த மண்ணோட பழங்குடி சான் மக்கள், கொய்கொய் மக்கள். நூத்தி அறுபது வருஷத்துக்கு முன்னாடி கப்பல்ல வந்தவங்க அந்த இடத்தைக் கேட்டா அவங்க என்ன சொல்லுவாங்க?

பீனிக்ஸ் பேரன்:
அண்ணே, "கப்பல்ல வந்தவங்க"ன்னு எங்களைச் சொல்றதுக்கு முன்னாடி நீங்க எதுல வந்தீங்கன்னு யோசிங்க. விமானத்துல வந்தவர் எங்களுக்கு மண் கணக்கு சொல்ல வேண்டாம். போன தடவையும் நான் எழுதின தமிழைத் திருத்த வந்தீங்க. நான் மறக்கல. 1996 அரசியல் சட்டம் ஆறாம் பிரிவுல தமிழைப் பேர் சொல்லி எழுதியிருக்கு. இந்த நாடு மதிக்கிற மொழி அது. உங்க அனுமதி எங்களுக்கு வேண்டியதில்ல.

ஆசிரியை அக்கா சொல்றது சரி. ஹானர்ஸ் கட்டுரையில எங்க ஆயா சொன்னதைப் பட்டியல்ல போட்டேன். சூப்பர்வைசர் சிவப்புக் கோடு போட்டு அடிச்சிட்டார். அதே கட்டுரையில யாரோ ஒருத்தர் வலைப்பூவுல எழுதினது இருந்துச்சு. அதை அவர் தொடல. வலைப்பூ பார்க்க முடியுமாம், எங்க ஆயாவைப் பார்க்க முடியாதாம்.

லெனேசியா மாணவி:
ரெண்டு பக்கமும் ஒரு விஷயத்தை விட்டுட்டுப் பேசுறீங்க. ஆய்வுக்காக, ஆய்வு அறநெறிக்குழு ஒப்புதல் வாங்கி, முறையாக எடுத்த பேட்டி ஏபிஏ சொல்ற "தனிப்பட்ட தொடர்பு" வகையிலேயே சேராது. அது நம்ம ஆய்வோட தரவு. முறையியல் பகுதியில யாரை, எப்போ, எப்படிப் பேட்டி எடுத்தோம்னு விளக்கிட்டு, பேசினவரைப் புனைபெயராலோ வேறு அடையாளத்தாலோ சுட்டினா போதும். பட்டியல் கேள்வியே எழாது. நூலோட குறை, இந்த ரெண்டையும் பிரிச்சுக் காட்டாததுதான்.

அதோட, "திறந்த" நூல்னு சொல்றாங்களே, இலவசம்னு மட்டும் அர்த்தமா, திருத்தவும் உரிமை இருக்குன்னு அர்த்தமா? அது தெரியாம மார்க் எப்படிப் போடுறது?

செட்ஸ்வர்த் ஆசிரியை:
மகளே, நல்லாப் படிக்கிற பிள்ளை என்று தெரிகிறது. ஆனால் தரவு என்று சொல்லி ஆயாவை எண் இரண்டு, எண் மூன்று ஆக்கிவிடாதே. இங்கே வந்த ஒவ்வொருவருக்கும் காலனி அரசு ஓர் எண் கொடுத்தது. கப்பல் பட்டியலில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பில் உள்ள தழும்பு எல்லாம் எழுதினார்கள். அவர்கள் வாய் திறந்து சொன்ன ஒரு சொல் அதில் இல்லை. அந்தக் கப்பல் பட்டியல் காப்பகத்தில் இருப்பதால் நூற்பட்டியலில் ஏறும். அந்த எண்ணைச் சுமந்தவளின் பேத்தி சொல்வது ஏறாது. இதை எந்த நியாயத்தில் பொருத்தம் என்பது?

நூலகத்துக்காரன், பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
டீச்சர், வழி இருக்கு. பேட்டியை ஒலிப்பதிவு செஞ்சு, பேசினவர் ஒப்புதலோட ஒரு காப்பகத்துல ஒப்படைச்சுட்டா அது தேடி எடுக்கக்கூடிய மூலம் ஆயிடும். ஏபிஏ பட்டியல்லயும் வரும். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தோட வெஸ்ட்வில் வளாகத்துல காந்தி-லுதுலி ஆவண மையம் இருக்கு. வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளை அங்க பாதுகாத்து வெச்சிருக்காங்க. யார் வேணும்னாலும் மேற்கோள் காட்டலாம்.

அந்தப் பாடநூலோட உரிமம் என்னன்னும் பார்த்தேன். மூலநூலாசிரியர் பேரைச் சொல்லி, வியாபாரம் பண்ணாம, அதே உரிமத்துல வெளியிட்டா யாரும் மாத்தி எழுதலாம். நமக்குன்னு ஒரு அத்தியாயம் சேர்க்கத் தடையே இல்ல. சியாவுலா புத்தகங்களை நினைச்சுப் பாருங்க. கேப் டவுன்ல திறந்த உரிமத்துல உருவான கணக்கு, அறிவியல் நூல்களை 2012ல நம்ம அரசாங்கமே அச்சடிச்சுப் பள்ளிகளுக்குக் குடுத்துச்சு.

செட்ஸ்வர்த் ஆசிரியை:
தம்பி, சியாவுலா பற்றி முன்பு ஒரு விவாதம் நடந்தபோதும் நீங்கள் இப்படித்தான் "மாற்றிக்கொள்ளலாம்" என்றீர்கள். யார் மாற்றினார்கள்? முழுநேரம் பாடம் நடத்திவிட்டு, நாற்பது பிள்ளைகளின் கட்டுரையைத் திருத்திவிட்டு, இரவில் எந்த ஆசிரியர் உட்கார்ந்து புத்தகம் மாற்றி எழுதுவார்? சியாவுலா இந்த நாட்டில், இந்த நாட்டுப் பாடத்திட்டத்துக்காக எழுதியது. இது வேறு நாட்டில் எழுதியது. இரண்டையும் ஒன்றாக வைக்காதீர்கள்.

1961-இல் டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரித் தீவில் நிறவெறி அரசு இந்தியருக்கென்று ஒதுக்கிக் கொடுத்த கல்லூரியிலிருந்தே நமக்கு வந்த புத்தகமெல்லாம் வேறு யாருக்காகவோ எழுதியது. அப்போது காசு கொடுத்து வாங்கினோம். இப்போது இலவசம். பேட்டி பட்டியலில் வராது என்ற வரி மட்டும் அப்படியே இருக்கிறது.

மதுரை-டர்பன்:
மறுபடியும் பேட்டியா! என் வகுப்புல பாதிப் பேர் உதவித்தொகைப் பணத்துல சாப்பாடும் வாடகையும் பார்க்கிறாங்க. புத்தகம் வாங்க முடியாம நகலெடுத்துப் படிக்கிறாங்க. அவங்களுக்குச் செலவில்லாம, திருடாம ஒரு முழு நூல் கிடைக்குது. அதை வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வருது?

செட்ஸ்வர்த் ஆசிரியை:
வேண்டாம் என்று நான் எங்கே எழுதினேன்? எடுத்துக் காட்டுங்கள். ஐந்து கொடுக்காதீர்கள் என்றுதான் சொன்னேன். உங்கள் மதிப்பீட்டைப் படிக்கிற விரிவுரையாளர் நூலை அப்படியே எடுத்து வகுப்பில் கொடுத்துவிடுவார். இரண்டு போட்டு, ஏன் இரண்டு என்று நான்கு வரி எழுதியிருந்தால் அவர் அந்த இடத்தில் நின்று பிள்ளைகளுக்கு விளக்குவார்.

மதுரை-டர்பன்:
இரண்டா? நாலாக் கூடக் குறைக்க மாட்டேன்.

பீனிக்ஸ் பேரன்:
மதுரையில உங்க பாட்டி சொன்னதை எழுதும்போது இதே ஐந்து போடுவீங்களா அண்ணே?

மதுரை-டர்பன்:
தம்பி, என் பாட்டியை இழுக்காத. மரியாதையாப் பேசு.

நூலகத்துக்காரன், பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
பாட்டிகளை விடுங்க. அந்த அத்தியாயத்தை எழுத யார் வர்றீங்க? நான் உரிமக் குறிப்பும் கோப்பு வேலையும் பார்த்துக்கிறேன். எழுத ஆள் வேணும்.

லெனேசியா மாணவி:
பேட்டியில பேர் வெளியிடணும்னா பொப்பியா (POPIA) என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி ஒப்புதல் வேணும். இனி எடுக்கப் போற பேட்டிக்குப் பேசினவர்கிட்டயே முன்கூட்டி எழுதி வாங்கணும். அத்தியாயத்துல அதையும் சேர்க்கணும்.

செட்ஸ்வர்த் ஆசிரியை:
ஒப்புதல் தாள் ஆங்கிலத்தில் இருக்கும். ஆயா தமிழில் பேசுவாள். அதற்கும் அந்த நூலில் ஒரு வரி இல்லை. அத்தியாயத்தை நான் எழுதினால், ஐந்து போட்டவர் அதில் பெயர் சேர்க்கக் கூடாது. இப்போதே சொல்லிவிட்டேன்.