திறந்தவெளி இசை விழாவில் பாட்டோடு சேர்ந்து கை தட்டுவது: தயவுசெய்து நிறுத்துங்கள்

வில்லும்தந்தியும்:
போன வாரம் முடிந்த நாட்டார் இசை விழாவைப் பற்றி 'கடைசிவரிசை' எழுதிய பதிவைப் படித்தேன். "முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கூட்டம் விடாமல் தாளம் தட்டியது, இப்படி ஒரு ரசிகர் கூட்டத்தைப் பார்த்ததே இல்லை" என்று பெருமையாக எழுதியிருக்கிறார். நானும் அதே புல்வெளியில்தான் இருந்தேன். எனக்கு வயிறு எரிந்தது.

இரண்டாம் நாள் மாலை ஒரு பெண் பக்கவாத்தியமே இல்லாமல் நீண்ட கதைப்பாடல் ஒன்று பாடினார். மூன்றாவது கண்ணியில் பின்னாலிருந்து தட்ட ஆரம்பித்தார்கள். அதுவரை கண்ணை மூடிப் பாடியவர் கண்ணைத் திறந்துவிட்டார். இழுத்து நிறுத்த வேண்டிய சொல்லை இழுக்க முடியவில்லை, மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் வாங்க முடியவில்லை. பாட்டு ஓட ஆரம்பித்தது. கதைப்பாடலுக்கு உயிரே அந்த இழுவையில்தான் இருக்கிறது.

இது ரசனைப் பிரச்சினை மட்டும் இல்லை. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர்தான் போகும். 70 மீட்டர் தள்ளி நிற்பவருக்குப் பாட்டு 0.2 நொடி தாமதமாகக் கேட்கிறது. அவர் தட்டியது மேடைக்குத் திரும்பிப் போக இன்னொரு 0.2 நொடி. நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் ஒரு தட்டுக்கு அரை நொடி. அதில் 0.4 நொடி தாமதம்! பாடுகிறவர் காதில் விழுவது தாளம் இல்லை, குழப்பம்.

கடைசிவரிசை:
என் பதிவில் மூன்று நாள் அனுபவத்தை எழுதியிருந்தேன். மழையில் நனைந்தது, முன்பின் தெரியாதவர் குடைக்குள் இடம் கொடுத்தது, நள்ளிரவில் கூடாரங்களுக்கு நடுவே யாரோ பாட, நாற்பது பேர் சேர்ந்துகொண்டது. அதெல்லாம் உங்கள் கண்ணில் படவில்லை. ஒரே ஒரு வரி பட்டது.

சரி, அந்த வரிக்கே வருகிறேன். முதலில், அந்தப் புல்வெளி 70 மீட்டர் கிடையாது. நான் பின்னால்தான் நின்றேன், மேடையில் இருந்தவர் முகம் எனக்குத் தெரிந்தது. 40 மீட்டர் இருந்தால் அதிகம்.

மழைக்கோட்டு:
நாட்டார் பாட்டு மேடைக்காகப் பிறந்ததா? கப்பலில் கயிறு இழுத்தவர்களும் வயலில் வேலை செய்தவர்களும் பாடியது. கையும் காலும் அசையாமல் அந்தப் பாட்டே இல்லை. சபாவில் உட்காருவதைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு கேட்க வேண்டும் என்றால் அதற்கு அரங்கம் இருக்கிறது, அங்கே போகலாம்.

வில்லும்தந்தியும்:
40 என்றே வைத்துக்கொள்ளுங்கள். போக வர 80 மீட்டர், 0.23 நொடி. அதாவது கிட்டத்தட்ட அரைத் தட்டு. இது 70 மீட்டரைவிட மோசம்! தட்டு விழ வேண்டிய இரண்டு இடங்களுக்கு நட்டநடுவில் உங்கள் கை விழுகிறது. ஆனால் அது 70 மீட்டர்தான். நுழைவாயில் பக்கத்திலிருந்து காலடி எண்ணி நடந்தேன்.

மழைக்கோட்டுக்கு: கயிறு இழுத்தவர்கள் ஒரே கயிற்றைப் பிடித்து ஒரே இடத்தில் நின்றார்கள். புல்வெளி முழுக்கச் சிதறி நிற்கவில்லை.

ஒலிப்பலகை:
ஒலி அமைப்பு வேலை செய்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பெரிய புல்வெளியில் நடுவிலும் ஒலிபெருக்கித் தூண்கள் வைப்போம். மேடைக்காரர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே கேட்க அவர்கள் பக்கம் திருப்பிய ஒலிபெருக்கி, அதாவது மானிட்டர், தனியாக இருக்கும், பலர் காதுக்குள்ளேயே கருவி வைத்துக்கொள்கிறார்கள். பின்வரிசைக் கைதட்டல் அவர்களை அந்த அளவு பாதிக்காது.

வில்லும்தந்தியும்:
ஒலிப்பலகை சார், நடுவில் வைக்கும் தூணுக்கு நீங்களே தாமதம் கொடுத்துத்தானே விடுகிறீர்கள்? மேடை ஒலி காற்றில் வந்து சேரும் நேரத்துக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காக. அப்படியென்றால் தூண் பக்கத்தில் நிற்பவருக்கும் பாட்டு தாமதமாகத்தான் கேட்கிறது. சத்தம் தெளிவாகும், சீக்கிரமாகாது. அந்தப் பெண்ணுக்குக் காதில் கருவியும் இல்லை. ஒரே ஒரு மைக், அதுவும் கொஞ்சம் தள்ளி. அந்த மைக் கைதட்டலையும் சேர்த்துத்தானே வாங்கும்?

ஒலிப்பலகை:
தாமதம் கொடுப்பது உண்மை. ஆனால் முன்வரிசை 10 மீட்டருக்குள் இருக்கிறது. போக வர 0.06 நொடி. அவர்கள் தட்டினால் ஒரு பிரச்சினையும் இல்லை. எல்லோரையும் ஒரே கணக்கில் அடைக்காதீர்கள்.

வில்லும்தந்தியும்:
முன்வரிசை 0.06, நடு 0.2, பின்வரிசை 0.4. மூன்றும் ஒரே நேரத்தில் மேடைக்கு வந்தால் என்ன ஆகும்? தட்டு தட்டாகக் கேட்காது, சரளைக்கல் கொட்டியது போலக் கேட்கும். 22 வருடமாக வயலின் வாசிக்கிறேன். ஆட்டப் பாட்டு வாசிக்கும்போது கூட்டம் தட்ட ஆரம்பித்தால் காதை மூடிக்கொண்டு என் காலைத்தான் நம்புவேன்.

புல்தரை:
நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கைதட்டல் எனக்குத் தொல்லையாக இல்லை. முன்னால் உயரமான முதுகு வைத்த மடக்கு நாற்காலியைப் போட்டு மூன்று நாளும் மறைத்தார்களே, அதைப் பற்றி யாராவது பேசுவீர்களா? தரையில் உட்கார வந்தவர்கள் என்ன பாவம் செய்தோம்?

மழைக்கோட்டு:
முதுகு வலி உள்ளவர்கள் எங்கே உட்காருவது? என் நாற்காலியைத்தான் சொல்கிறீர்கள் என்று தெரியும். போன வருடமும் இதே குற்றச்சாட்டைத்தான் எழுதினீர்கள்.

புல்தரை:
நாற்காலியை ஓரமாகப் போடலாம். நடுவில் போட்டு, அதற்கு மேல் கைப்பேசியை வேறு தூக்கிப் பிடித்தீர்கள். உங்கள் திரையில்தான் நான் அந்தக் கதைப்பாடலைப் பார்த்தேன்.

கடைசிவரிசை:
வில்லும்தந்தியும் அவர்களே, அமெரிக்காவில் நடந்த 1963 நியூபோர்ட் நாட்டார் இசை விழாவை மறந்துவிட்டீர்களா? பீட் சீகர், ஜோன் பயேஸ், பாப் டிலன் என்று பெரிய நாட்டார் பாடகர்கள் எல்லோரும் மேடையில் கைகோத்து நிற்க, கூட்டம் முழுவதும் சேர்ந்து பாடியது. ஆயிரக்கணக்கானவர்கள்! உங்கள் 343 மீட்டர் அங்கே என்ன ஆனது? பாடுவதற்கு மட்டும் ஒலி வேகமாகப் போகுமா?

வில்லும்தந்தியும்:
அங்கே பாடகர்கள் கூட்டத்தைப் பாட அழைத்தார்கள். மெதுவான பாட்டு, நீளமான அடிகள். சீகர் பல மேடைகளில் அடுத்த வரியை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்துக் கூட்டத்துக்காகக் காத்திருப்பார். கைதட்டல் யாருக்காகவும் காத்திருப்பதில்லை, அது தள்ளும். உங்கள் பதிவில் இருப்பது சேர்ந்து பாடியதைப் பற்றி இல்லை. "விடாமல் தட்டியது" என்று எழுதியிருக்கிறீர்கள்.

கடைசிவரிசை:
ஆக, பாட்டுக்குத் தாமதம் உண்டா இல்லையா? அதற்குப் பதில் வரவில்லை.

வில்லும்தந்தியும்:
சொல்லிவிட்டேன். பாடகர் காத்திருக்கிறார்.

மழைக்கோட்டு:
அதே நியூபோர்ட்டில் 1965-இல் டிலன் மின்சாரக் கித்தாரோடு வந்தபோது கூச்சல் போட்டவர்களும் உங்களைப் போலத்தான். "எங்கள் இசையைக் கெடுக்காதே" என்ற அதே குரல். வரலாறு யார் பக்கம் நின்றது?

வில்லும்தந்தியும்:
அந்தக் கூச்சல் கித்தாருக்காகவா, காதில் விழாத வரிகளுக்காகவா, மூன்று பாட்டோடு இறங்கிப் போனதற்காகவா என்று இன்றுவரை சண்டை ஓய்வதில்லை. பாட்டின் சொற்கள் கேட்கவில்லை என்பதுதான் தன் கோபம் என்று சீகர் பின்னாளில் சொன்னார். என் கோபமும் அதேதான். அந்தப் பெண் பாடிய கதையில் ஏழாவது கண்ணியில் தங்கை ஆற்றில் விழுகிறாள். எத்தனை பேருக்கு அது காதில் விழுந்தது? தட்டிக்கொண்டிருந்த ஒருவராவது சொல்லுங்கள்.

ஒலிப்பலகை:
அன்று அவர் நேரத்தைச் சுருக்கச் சொல்லி மேடை ஓரத்திலிருந்து சைகை வந்தது. வேகமாகப் பாடியதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். நான் பக்கத்தில் நின்றேன்.

வில்லும்தந்தியும்:
சைகை வந்தது ஒன்பதாவது கண்ணியில். வேகம் மாறியது மூன்றாவதில். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கடைசிவரிசை:
70 மீட்டர் தள்ளி நின்று சைகையைப் பார்த்தீர்களா?

வில்லும்தந்தியும்:
நான் முன்வரிசையில் இருந்தேன். பின்வரிசை 70 மீட்டர். வார்த்தையைத் திருப்பாதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அடுத்து வந்த குழு பல்கேரிய ஆட்டப் பாட்டு வாசித்தது. அந்த நாட்டு இசையில் ஒரு தாளச் சுற்றுக்கு 7, 11 என்ற எண்ணிக்கைகள் சாதாரணம். அதற்கும் ஒன்று-இரண்டு, ஒன்று-இரண்டு என்று தட்டினீர்கள். ஏழில் இரண்டு எப்படி அடங்கும்? இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் சுற்றின் தொடக்கத்தில் தட்டு விழும். மத்தளக்காரர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். அதையும் உங்கள் பதிவில் "கலைஞர்களே ரசித்தார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

கடைசிவரிசை:
சிரித்ததை நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். ரசிக்காமல் யாராவது சிரிப்பார்களா? என் பக்கத்தில் எட்டு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். முதல் முறை வந்தவள். அவள் தட்டினாள், ஆடினாள். அவளிடம் போய் "பாப்பா, நீ 0.4 நொடி தாமதம்" என்று சொல்லச் சொல்கிறீர்களா? அவள் அடுத்த வருடமும் வர வேண்டும். எனக்கு அதுதான் முக்கியம்.

வில்லும்தந்தியும்:
குழந்தை ஆடட்டும், யார் தடுத்தார்கள்? ஆடுவதற்குச் சத்தம் இல்லை. நான் பேசுவது நாற்பது வயதுக்காரர்கள் தலைக்கு மேல் கையைத் தூக்கித் தட்டி, தட்டாதவர்களைத் திரும்பி முறைத்ததைப் பற்றி. என்னை முறைத்தார்கள். நான் அந்தப் பாட்டுக்காக நான்கு மணி நேரம் வெயிலில் காத்திருந்தேன்.

புல்தரை:
நாற்காலிக்கு இன்னும் பதில் இல்லை.

மழைக்கோட்டு:
பதில் சொல்லிவிட்டேன். முதுகு வலி.

புல்தரை:
முதுகு வலி உள்ளவர் கடைசி நாள் இரவு ஒன்றரை மணி நேரம் நின்று ஆடினீர்களே, காலி நாற்காலி என் முன்னால்தானே கிடந்தது?

கடைசிவரிசை:
அடுத்த விழாவுக்கும் வருவேன், அதே இடத்தில் நிற்பேன், தட்டுவேன். அந்த இடம் 40 மீட்டர்தான்.

வில்லும்தந்தியும்:
70. காலடி எண்ணியவன் நான். கதைப்பாடல் நடக்கும்போது மட்டுமாவது கையைக் கீழே வையுங்கள் என்றுதான் முதலிலிருந்து கேட்கிறேன். அதற்கு மட்டும் இந்த இழையில் ஒருவர்கூடச் சரி என்று சொல்லவில்லை.

மழைக்கோட்டு:
நீங்கள் அப்படிக் கேட்கவே இல்லை. "நிறுத்துங்கள்" என்றுதான் தலைப்பு வைத்தீர்கள். மேலே போய்ப் பாருங்கள்.