மாட்டு வைத்தியக் குறிப்புகளைப் பதிவு செய்ய வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஊரில் மாட்டு வைத்தியம் பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். மாட்டுக்கு மடிவீக்கம் வந்தால் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூன்றையும் செக்கச்செவேலென்று ஆகும் வரை அம்மியில் அரைத்து, தண்ணீர் விட்டு இளக்கி மடியில் தடவச் சொல்வார். இப்படி எத்தனையோ கைமருந்து அவருக்குத் தெரியும், ஆனால் எதையும் எழுதி வைக்கவில்லை.

காயத்துக்கு மஞ்சள் போடுவதற்கே 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். இந்தியாவின் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களையும் அச்சான கட்டுரைகளையும் காட்டி வாதாடி, 1997இல் அதை ரத்து செய்யவைத்தது. எழுத்தில் இருந்ததால்தான் அந்த வாதம் செல்லுபடியானது. அப்படியென்றால் வாய்மொழியாக மட்டும் இருப்பதற்கு என்ன பாதுகாப்பு? இந்தக் கவலைதான் எனக்கு.

பல்லுயிர்ச் சட்டப்படி ஊராட்சியில் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு, அதாவது ஊரின் செடிகொடி, உயிரினங்கள், அவை பற்றிய மரபறிவு ஆகியவற்றைக் குறித்து வைக்கும் ஏடு, இருக்க வேண்டும். அதில் இப்படிப்பட்ட குறிப்புகளைச் சேர்த்த அனுபவம் உங்களில் யாருக்காவது உண்டா? யாரிடம் கேட்க வேண்டும், எழுதியதை யார் யார் பார்க்கலாம், சொன்னவர் பெயர் அதில் இருக்குமா?

வீடியோ எடுத்துப் பொதுவில் போடலாம் என்கிறார்கள் சிலர். பெரியவருக்குச் சம்மதம்தான். ஆனால் யாராவது எடுத்து விற்றால் அவருக்கோ ஊருக்கோ என்ன கிடைக்கும்? ஒப்புதலை எழுதி வாங்கத் தமிழில் மாதிரிப் படிவம் இருந்தால் அனுப்புங்கள். அவருக்கு வயதாகிவிட்டது, சீக்கிரம் தொடங்க வேண்டும்.