1971 ராஜ்புத் கப்பல்: தகவல் பலகையில் என்ன எழுதலாம்?

நகரி வாசகசாலை:
வணக்கம். டிசம்பர் 4 கடற்படை நாளுக்கு எங்கள் வாசகசாலை முன்னால் ஒரு பலகை வைக்கிறோம். ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் தெலுங்கு. விசாகப்பட்டினத்துக்கு வெளியே பாகிஸ்தான் நீர்மூழ்கி காஜி மூழ்கியதும், அதில் ஐஎன்எஸ் ராஜ்புத்தின் பங்கும்தான் பொருள். இரண்டு இடத்தில் சிக்கிக்கொண்டேன். தேடினால் வருகிற ராஜ்புத் படமெல்லாம் ஏவுகணைக் கப்பலாகவே இருக்கிறது, 2021-ல் ஓய்வு பெற்றதாகவும் போட்டிருக்கிறது. 1971-ல் போனது அதே கப்பலா? அடுத்தது, 'இரண்டே குண்டில் காஜியை முடித்தது' என்று எழுதினால் சரியா? தெலுங்குப் பக்கத்தில் 'ராஜ்புத்தே மூழ்கடித்தது' என்று ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. பெயின்ட் காய்வதற்குள் யாராவது சொல்லுங்கள்.

தடா கடற்கரை:
படம் தப்பு சார், முதலில் அதை எடுத்துவிடுங்கள். ராஜ்புத் என்ற பெயரில் இரண்டு நாசகாரிக் கப்பல்கள் இருந்தன. நீங்கள் பார்ப்பது சோவியத்தில் கட்டிய டி-51. அது 1980 மே மாதம்தான் நம் கடற்படைக்கு வந்தது, 2021 மே 21-ல் ஓய்வு பெற்றது. 1971 போரில் இருந்தது டி-141. ஸ்காட்லாந்தில் கிளைடுபேங்க் ஜான் பிரவுன் தளத்தில் கட்டி, 1942-ல் பிரிட்டிஷ் கடற்படையில் 'ராதர்ஹாம்' என்ற பெயரில் சேர்ந்த கப்பல். உலகப் போரில் நம் பக்கத்துக் கடலிலேயே ஓடியிருக்கிறது. 1944-ல் சபாங், சுராபாயா துறைமுகங்களைத் தாக்கிய கிழக்குக் கடற்படையோடு போனது. 1949-ல் ரிடவுட், ரெய்டர் என்ற இரண்டு சகோதரக் கப்பல்களோடு இந்தியாவுக்கு வந்தது. அவை ரஞ்சித், ராணா ஆயின.

படத்தில் அடையாளம் காண ஒரே ஒரு வழி போதும்: புகைபோக்கியை எண்ணுங்கள். பழைய ராஜ்புத்துக்கு ஒன்றே ஒன்று. புதியதற்கு நான்கு, இரண்டிரண்டாகத் தள்ளி நிற்கும். பழையதில் 4.7 அங்குல ஒற்றைக் குழல் பீரங்கி நான்கு, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. ஏவுகணை, ஹெலிகாப்டர் தளம் எதுவும் கிடையாது.

இன்னொன்று. கடற்படை நாள் காஜிக்காகக் கொண்டாடுவது இல்லை. நிபாத், நிர்காத், வீர் என்ற மூன்று ஏவுகணைப் படகுகள் டிசம்பர் 4 இரவு கராச்சியைத் தாக்கி, கைபர் என்ற நாசகாரியை மூழ்கடித்தார்களே, அதற்காக. பலகையின் தலைப்பிலேயே இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடாதீர்கள்.

சூளூர்ப்பேட்டை பெரியவர்:
தம்பி, ராஜ்புத்தின் உண்மையான வேலை குண்டு போட்டது இல்லை, ஏமாற்றியது. பலகையில் அதற்குத்தான் இடம் கொடுக்க வேண்டும்.

காஜி முன்னாள் அமெரிக்க நீர்மூழ்கி டயாப்லோ. டென்ச் வகை, 95 மீட்டர் நீளம், 1964-ல் பாகிஸ்தானுக்குக் குத்தகைக்குப் போனது. கராச்சியிலிருந்து இலங்கையைச் சுற்றி வங்காள விரிகுடாவுக்கு வந்து நின்று வேலை பார்க்கிற தூரத்திறன் அப்போது அவர்களிடம் இதற்கு மட்டும்தான். அவர்களுடைய டாஃப்னே வகைப் படகுகளுக்கு அது முடியாது. நவம்பர் 14-ல் கிளம்பியது. குறி, விமானந்தாங்கி விக்ராந்த். விக்ராந்துக்கு பாய்லரில் விரிசல், முழு வேகத்தில் ஓட முடியாத நிலை. நீர்மூழ்கிக்கு அல்வா மாதிரி இலக்கு.

கிழக்குப் பிராந்தியத் தளபதி வைஸ் அட்மிரல் கிருஷ்ணன் விக்ராந்தை அந்தமான் பக்கம் ஒளித்து வைத்துவிட்டு, விசாகப்பட்டினத்தில் அது இருக்கிற மாதிரி ஒரு நாடகம் போட்டார். ஓய்வு பெறும் வயதில் இருந்த ராஜ்புத்தை 'நீதான் விக்ராந்த்' என்று சொல்லி, ஒரு பெரிய கப்பல் அனுப்புகிற அளவுக்கு வயர்லெஸ் செய்திகளை அனுப்ப வைத்தார். கரையில் இறைச்சி, காய்கறி எல்லாம் விமானந்தாங்கிக்கு ஆகிற கணக்கில் ஆர்டர் கொடுத்தார்கள். சந்தையில் காது வைத்திருக்கிறவன் எண்ணிக்கையைப் பார்த்தே கப்பலின் அளவைச் சொல்லிவிடுவான் இல்லையா, அதுதான் கணக்கு. நீர்மூழ்கிகள் பயன்படுத்துகிற ஒரு மசகு எண்ணெய் பற்றி, அப்போது கிழக்குப் பாகிஸ்தானில் இருந்த சிட்டகாங் துறைமுகத்துக்கு வந்த கேள்வியை நம்மவர்கள் ஒட்டுக்கேட்டதால், காஜி இந்தப் பக்கம் வந்துவிட்டது தெரிந்தது என்றும் கிருஷ்ணன் சொல்லியிருக்கிறார்.

டிசம்பர் 3 நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால் ராஜ்புத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது. தலைவர் லெப்டினன்ட் கமாண்டர் இந்தர் சிங். கால்வாய் முனையில், கப்பலுக்கு வழிகாட்டி வந்த துறைமுக பைலட்டை இறக்கிவிட்டு வேகத்தைக் கூட்டியதும், வலப்பக்கம் முன்னால் தண்ணீர் கலங்குவதைக் காவலாள் பார்த்தார். கப்பலைத் திருப்பி, இரண்டு ஆழ்நீர்க் குண்டு (தண்ணீருக்குள் இறங்கி வெடிப்பது) போட்டார்கள். ஏறத்தாழ 12.15-க்குக் கரையில் இருந்தவர்களுக்கே பெரிய வெடிச் சத்தம் கேட்டது, வீட்டு ஜன்னல்கள் அதிர்ந்தன. பிறகு மீனவர்கள் கண்ணில் சிதைவுகளும் உயிர்காப்பு உடைகளும் பட்டன. காஜியில் இருந்த தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை.

பழைய பாய்லர்:
'இரண்டே குண்டில் முடித்தது' என்பதை மட்டும் எழுதாதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இந்த வகைக் கப்பல்கள் ஏற்றிய பிரிட்டிஷ் மார்க் 7 ஆழ்நீர்க் குண்டில் வெடிமருந்து சுமார் 130 கிலோ. தண்ணீரில் வினாடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர் இறங்கும். எந்த ஆழத்தில் வெடிக்க வேண்டும் என்பதை நீரழுத்த விசையில் முன்கூட்டியே வைப்பார்கள்: 50 அடி, 100 அடி, 150 அடி என்று. நீர்மூழ்கியின் அழுத்தக் கூடு கிழிய வேண்டுமென்றால் ஆறேழு மீட்டருக்குள் வெடிக்க வேண்டும். அதற்கு அப்பால் என்றால் விளக்கு உடையும், வால்வு கசியும், ஆட்கள் நடுங்குவார்கள், படகு தப்பிவிடும்.

இப்போது இலக்கைப் பாருங்கள். சோனாரில், அதாவது நீருக்குள் ஒலியனுப்பித் தேடும் கருவியில், பிடித்துக்கொண்டு போனாலும் கடைசி 150 மீட்டர் அளவுக்கு அந்த ஒலிக்கதிர் நீர்மூழ்கியின் தலைக்கு மேலே போய்விடும், தொடர்பு அறுந்துவிடும். 15 நாட் (மணிக்கு ஏறத்தாழ 28 கி.மீ.) வேகத்தில் அந்த தூரத்தைக் கடக்க 20 வினாடி. குண்டு 100 அடி இறங்க இன்னும் 10 வினாடி. மொத்தம் அரை நிமிடம் கண்ணைக் கட்டிய ஆட்டம். நீர்மூழ்கி 4 நாட் வேகத்தில் நகர்ந்தால்கூட அதற்குள் 60 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். அதனால்தான் முறையான தாக்குதலில் ஐந்து, பத்து என்று பின்தளத் தண்டவாளத்திலிருந்து உருட்டியும், பக்கவாட்டு எறிகருவியால் வீசியும், ஒரு பரப்பையே மூடுவார்கள். இரண்டு குண்டு என்பது 'நான் உன்னைப் பார்த்துவிட்டேன், தலையை உள்ளே இழு' என்கிற எச்சரிக்கைதான். துறைமுக வாயிலில் அவசரத்துக்கு அதைச் செய்தது சரியான முடிவு, அதில் குறை இல்லை.

வேகத்தைக் கூட்டியதற்கும் காரணம் உண்டு. 50 அடியில் வைத்த குண்டு ஐந்து வினாடியில் வெடிக்கும். 12 நாட் வேகத்தில் போனால் கப்பல் அதற்குள் 30 மீட்டர்தான் விலகியிருக்கும், தன் வால் பகுதியே அடிவாங்கும். சுக்கான், உந்துவிசிறித் தண்டின் கசிவடைப்பு எல்லாம் ஆட்டம் காணும். வேகமாகப் போனால் கப்பல் பிழைக்கும், ஆனால் சொந்த இரைச்சலில் சோனார் காது கேளாமல் போய்விடும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

தடா கடற்கரை:
பெரியவர் சொன்னதையும் பாய்லர் சொன்னதையும் சேர்த்தால் ஒரு கேள்வி மிச்சம்: அப்படியென்றால் வெடித்தது எது? இந்தியத் தரப்பின் அறிவிப்பு ராஜ்புத்தின் குண்டுகள் என்றது. பாகிஸ்தான் தரப்பு, காஜி தானே விதைத்த கண்ணிவெடியில் சிக்கியது என்றது. மூன்றாவதாக, பேட்டரி சார்ஜ் ஏறும்போது வெளியேறும் ஹைட்ரஜன். அந்த வகைப் படகில் 126 செல் கொண்ட பேட்டரித் தொகுப்பு இரண்டு, மொத்தம் 252 செல். காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதம் தாண்டினால் ஒரு பொறி போதும். சேதம் முன்பகுதியில், டார்பிடோ அறைப் பக்கம் என்பதால் பலர் உள்வெடிப்பு என்கிறார்கள். ராஜ்புத்தின் குண்டு அதிர்ச்சியில் உள்ளே இருந்த கண்ணிவெடியோ டார்பிடோவோ வெடித்திருந்தாலும் சேதம் இப்படித்தான் தெரியும். அதனால் சேதத்தை மட்டும் வைத்து ஒரு பக்கம் சாய முடியாது.

நகரி வாசகசாலை:
எல்லோருக்கும் நன்றி. படம் மாற்றியாகிவிட்டது, ஒரே புகைபோக்கி. தமிழ்ப் பக்கம் இப்படி: 'விக்ராந்த் போல் நடித்து எதிரியை விசாகப்பட்டினத்துக்கு வரவழைத்தது ராஜ்புத். 1971 டிசம்பர் 3-4 நள்ளிரவில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு ஆழ்நீர்க் குண்டுகள் போட்டது. சற்று நேரத்தில் காஜி வெடித்து மூழ்கியது. வெடிப்பின் காரணம் பற்றி இரு நாடுகளின் கூற்றும் வேறு.' இது போதுமா? கீழே விசாகப்பட்டினம் கடற்கரையில் இருக்கிற நீர்மூழ்கியின் படத்தைப் போட ஆசை.

சூளூர்ப்பேட்டை பெரியவர்:
வாசகம் சரி. அந்தப் படம் வேண்டாம். ஆர்.கே. கடற்கரையில் நிற்பது குர்சுரா, நம்முடைய சொந்தப் படகு, சோவியத்தில் கட்டியது. பார்க்கிறவர்கள் அதையே காஜி என்று நினைத்துவிடுகிறார்கள். எதிரே இருக்கிற 'கடலில் வெற்றி' நினைவுச் சின்னத்தின் படம் போடு, 1996-ல் 71 போருக்காகவே எழுப்பியது. பெயரைக் 'காஸி' என்று எழுதாதே, நம் ஊரில் காசி யாத்திரை என்று படிப்பார்கள். 'காஜி' போதும்.

பழைய பாய்லர்:
தெலுங்குப் பக்கத்தை முழுக்க அழிக்க வேண்டியதில்லை. 'ராஜ்புத்தே' என்ற எழுவாயை எடுத்துவிட்டு 'முஞ்சிந்தி' என்று இருப்பதை 'முனிகிந்தி' ஆக்கிவிடுங்கள். மூழ்கடித்தது போய் மூழ்கியது வந்துவிடும். இரண்டு எழுத்துக்கு உண்டான பெயின்ட்தான் செலவு.